சுல்தான்களின் அடுக்களையில் சீனத்துப் பீங்கான்

இஸ்தான்பூல் மாநகரின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், மூன்று நீர்ப்பரப்புகள் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும் ஒரு நிலமுனை கண்ணில் படும். வடக்கே பொற்கொம்பு எனப்படும் கழிமுகம். கிழக்கே ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் பொஸ்பரஸ் நீரிணை. தெற்கே மர்மராக் கடல். 1453ஆம் ஆண்டு இந்நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, இம்முனையின் மேட்டில்தான் தம் அரண்மனையை எழுப்பினார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், மூன்று கண்டங்களில் பரவிக் கிடந்த உதுமானியப் பேரரசின் ஆணைகள் இங்கிருந்தே புறப்பட்டன. 1856ஆம் ஆண்டு அரச குடும்பம் பொஸ்பரஸ் கரையில் கட்டிய புதிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொப்காபி அரண்மனை அருங்காட்சியகமாயிற்று.

இங்கு வரும் பயணிகளின் கால்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடக்கின்றன. மூன்று பெரிய மரகதங்கள் பதித்த குறுவாளைக் காண வேண்டும். 86 காரட் எடையுள்ள வைரத்தைக் காண வேண்டும். புனிதச் சின்னங்கள் காக்கப்படும் அறையில் சற்று நேரம் நிற்க வேண்டும். இம்மூன்றையும் கண்டுவிட்டால் அரண்மனையைக் கண்டாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால், பேரரசின் வரலாற்றை வைரத்தைவிட நுணுக்கமாக எடுத்துரைக்கும் ஒரு செல்வம், அரண்மனையின் அடுக்களையில் இருக்கிறது. தங்கமன்று, வெள்ளியன்று. மண்ணைச் சுட்டுச் செய்த கோப்பைகளும் தட்டுகளும் சாடிகளுமே அவை.

வாசகர்களே, இம்மாதம் அந்த அடுக்களைக்குள் சென்று வருவோம்.

புகைபோக்கிகளின் கீழே

அரண்மனையின் முதல் முற்றத்தைக் கடந்து, இரட்டைக் கோபுரங்களைக் கொண்ட நடுவாயிலில் நுழைந்தால் இரண்டாம் முற்றம் விரிகிறது. இடப்புறம், அமைச்சர்கள் கூடி ஆலோசித்த திவான் மண்டபம். வலப்புறம், மர்மராக் கடலை நோக்கிய பக்கம் முழுவதும் நீண்டு கிடப்பது சமையற்கூடம். அதன் குவிமாடங்களும் வரிசையாக நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கிகளும் கடலில் கப்பலில் வருவோருக்குத் தொலைவிலிருந்தே தெரியும்.

1574ஆம் ஆண்டு இந்தச் சமையற்கூடத்தில் பெருந்தீ மூண்டது. எரிந்த பகுதிகளை மீண்டும் எழுப்பும் பொறுப்பு, சுலைமானிய்யா பள்ளிவாசலைக் கட்டிய பெருங்கலைஞர் மிஃமார் சினானிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று நாம் காண்பது அவர் கைவண்ணம். ஓங்கிய மாடங்களின் கீழே நின்று மேலே நோக்கினால், இது சமைக்கும் இடமா, தொழுகைக் கூடமா என்று ஒரு கணம் ஐயம் எழும். அரச குடும்பத்தார், அமைச்சர்கள், காவலர், ஏவலர் என ஆயிரக்கணக்கானோருக்கு நாள்தோறும் இங்கேதான் உணவு சமைக்கப்பட்டது. அந்த உணவைப் பரிமாறுவதற்காக வந்து சேர்ந்தவையே நாம் காண வந்த பாண்டங்கள்.

சீனத்துப் பீங்கான்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை தொப்காபியில் உள்ளன. சீனாவுக்கு வெளியே இத்தகைய பெருந்தொகுப்பு மிக அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, இடைவெளி அதிகமின்றி அறுநூறு ஆண்டுகளின் வேலைப்பாட்டை ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். இவற்றோடு ஜப்பானியப் பீங்கான்கள் சில நூறும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்சிக்கு வைப்பது இயலாது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதியே கண்ணாடிப் பேழைகளில் இருக்கும். இத்தொகுப்பின் முழுமையான பட்டியல் 1986ஆம் ஆண்டு மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

நஞ்சை அறிவிக்கும் பச்சைத் தட்டு

முதலில் நம் கண்ணைக் கவர்பவை பச்சை நிறப் பாண்டங்கள். ஆலிவ் காயின் பச்சை, கடல்நீரின் பச்சை, பளிங்குக்குள் பாசி படிந்தாற்போன்ற வெளிர்பச்சை எனப் பல சாயல்கள். இத்தகையவை 1,300க்கும் மேல் இங்கு உண்டு. சீனாவின் செஜியாங் மாநிலத்திலுள்ள லோங்சுவான் சூளைகளில் செய்யப்பட்டவை இவற்றுள் மிகுதி. மேற்பூச்சில் சிறிதளவு இரும்புச் சத்தைக் கலந்து, சூளைக்குள் காற்றைக் கட்டுப்படுத்திச் சுடும்போது இந்தப் பச்சை பிறக்கிறது. காற்று கூடினால் நிறம் பழுப்பாகிவிடும். வெப்பமானிகள் இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தைக் கண்ணால் கணித்தே அந்தக் குயவர்கள் இதைச் சாதித்தார்கள்.

துருக்கியர் இதற்கு வைத்த பெயர் 'மர்த்தபானி'. பர்மாவின் கரையிலுள்ள மர்த்தபான் துறைமுகத்தில் ஏற்றப்பட்டு மேற்கே வந்ததால் இப்பெயர். உருதுவிலும் இந்தியிலும் ஊறுகாய்ச் சாடிக்கு 'மர்த்தபான்' என்றே இன்றும் பெயர் என்பது பலருக்குத் தெரியும்; அது ஒரு துறைமுகத்தின் பெயர் என்பது சிலருக்கே தெரியும். நம் தமிழிலுள்ள 'பீங்கான்' என்ற சொல்லும் கப்பலேறி வந்ததே. பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்பதே அதன் மூலம். அரபு நாடுகளில் காப்பி அருந்தும் 'ஃபின்ஜான்' அதன் உடன்பிறப்பு.

பச்சைப் பாண்டத்தை அரண்மனை இவ்வளவு விரும்பியதற்கு அழகு மட்டுமே காரணமன்று. நஞ்சு கலந்த உணவை இட்டால் இத்தட்டு நிறம் மாறும், அல்லது வெடித்துவிடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்தது. இதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. ஆனால், அரியணையைச் சுற்றி எப்போதும் நிழலாடிய அச்சத்துக்கு இந்த நம்பிக்கை நல்ல சான்று. உலகின் பெரும் பேரரசருள் ஒருவர், தம் உயிர்க்காவலை ஒரு மண் தட்டிடம் ஒப்படைத்திருந்தார்!

நீலம் போனது, நீலம் வந்தது

பச்சைக்கு அடுத்து நம்மை நிறுத்துபவை வெண்மையில் நீலம் தீட்டிய பாண்டங்கள். இவை பிறந்த கதை இஸ்லாமிய உலகத்தோடு பின்னிப் பிணைந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சீனத்து வெண்பாண்டங்கள் அப்பாஸியக் கலீஃபாக்களின் ஈராக்கை அடைந்திருந்தன. அவற்றைக் கண்டு வியந்த பஸ்ரா நகரக் குயவர்களிடம் சீனத்துக் களிமண் இல்லை. ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. சாதாரண மண்ணின்மீது வெள்ளீயம் கலந்த வெண்பூச்சைப் பூசி, அதன்மேல் கோபால்ட் என்னும் தாதுவால் நீலக் கோலம் தீட்டினார்கள். அக்காலக் கடல் வாணிகம் எத்துணைப் பெரிது என்பதற்கு, 1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட மூழ்கிய கப்பல் சான்று கூறுகிறது. மேற்காசிய முறையில், பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய அக்கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஐக் குறிக்கும் சீன ஆண்டுக் குறிப்பு பொறிக்கப்பட்டுள்ளது.

பின்னர், பதினான்காம் நூற்றாண்டில் மங்கோலியர் சீனாவை ஆண்டபோது காற்று மறுபுறம் வீசியது. பாரசீக நாட்டின் கோபால்ட் சீனாவின் ஜிங்தெஜென் நகருக்குச் சென்றது. அங்கே தூய வெண்களிமண்ணும் ஒருவகைக் கல்லின் பொடியும் சேர்ந்த உண்மையான பீங்கான்மீது அந்த நீலம் தீட்டப்பட்டு, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டது. முஸ்லிம் நாட்டின் நீலம், சீன நாட்டின் வெண்மை. இரண்டின் திருமணத்தில் பிறந்ததே உலகம் முழுவதும் இன்றுவரை விரும்பும் நீல வெண்பீங்கான்.

அக்காலத்தைச் சேர்ந்த 40 பாண்டங்கள் தொப்காபியில் உள்ளன. அவற்றைப் பார்ப்பவர் முதலில் வியப்பது வடிவத்தின் பருமனைக் கண்டுதான். தட்டுகள் பல 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான விட்டமுடையவை. சீனரோ சிறு கிண்ணங்களில் தனித்தனியே உண்பவர்கள். அவர்கள் ஏன் இவ்வளவு பெரிய தட்டுகளைச் செய்தார்கள்? தமக்காக அன்று. ஒரே தட்டைச் சூழ்ந்தமர்ந்து பலர் சேர்ந்துண்ணும் மேற்காசிய முஸ்லிம்களுக்காகவே செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் விருந்துகளில் சஹன் வைத்து உண்பதைக் கண்டவர்களுக்கு இவ்விளக்கம் புதிதாய்த் தோன்றாது. 'சஹன்' என்றால் அரபியில் தட்டு என்பதே பொருள். நம் விருந்துப் பந்தியின் பழக்கம், தொலைதூரச் சீனக் குயவனின் சக்கரத்தில் தட்டின் அகலத்தை நிர்ணயித்திருக்கிறது.

சேர்ந்த வழியும் காத்த முறையும்

இத்தனை பாண்டங்களும் எவ்வாறு இங்கே சேர்ந்தன? யாரோ ஒரு சுல்தான் கடை கடையாய் ஏறி வாங்கிச் சேர்த்தவை அல்ல. சில, தூதர்கள் கொணர்ந்த அன்பளிப்புகள். சில, போரில் கிடைத்தவை. 1514ஆம் ஆண்டு சால்திரான் போருக்குப்பின் முதலாம் சலீம் தப்ரீஸ் நகரிலிருந்து கொண்டுவந்த பொருள்களுள் பீங்கானும் இருந்தது. சந்தையில் விலைக்கு வாங்கியவையும் உண்டு. இவை எல்லாவற்றிலும் முக்கியமான வழி வேறொன்று. பேரரசின் உயர் அதிகாரி ஒருவர் இறந்தாலோ, பதவி நீக்கப்பட்டாலோ, அவருடைய உடைமைகள் கருவூலத்துக்குத் திரும்பும். அமைச்சரின் இல்லத்தில் இருந்த பீங்கான் அவரோடு சேர்ந்து மறையாமல் அரண்மனைக்கு வந்துவிடும்.

வந்தவை பதிவேட்டில் ஏறின. எத்தனை தட்டு, எத்தனை கிண்ணம் என்று கருவூலத்தார் கணக்கெழுதி வைத்தார்கள். உடைந்தவை எறியப்படவில்லை. கழுத்து முறிந்த குடுவைக்கு வெள்ளி மூடி பொருத்தினார்கள். கைப்பிடியும் குழலும் இணைத்து அதைக் கெண்டியாக்கினார்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அன்றாடம் புழங்கிய சமையற்கூடத்தில் மெல்லிய பீங்கான் பிழைத்திருக்கிறது என்றால், அதற்கு முதற்காரணம் செல்வமன்று, கணக்கும் கவனமுமே.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சுட்டாமல் இருக்க இயலவில்லை. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நாம் அறிந்ததே. முஸ்லிம் நாடுகளில் மட்பாண்டக் கலை இவ்வளவு உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பகட்டைத் தவிர்க்கும் அந்த எளிமைக்கு மண் பாண்டம் பொருத்தமாய் அமைந்தது. ஆனால், அரண்மனையின் பொற்கொல்லர்கள் அதே பீங்கானைத் துளையிட்டு, பொற்கம்பியால் கொடியோட்டி, மாணிக்கமும் மரகதமும் பதித்துவிட்டார்கள்! அத்தகைய கிண்ணங்கள் பலவற்றை இங்கே காணலாம். வேலைப்பாடு வியக்கத்தக்கதே. ஆயினும் அருகிலிருக்கும் அணிகலன் ஏதுமற்ற பச்சைத் தட்டைப் பார்த்தபின் கண் அங்கே திரும்ப மறுக்கிறது.

மோகம் மிஞ்சினால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஐரோப்பாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ், 1717ஆம் ஆண்டு தம் குதிரைப்படை வீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக 151 பீங்கான் பொருள்களைப் பெற்றுக்கொண்டார். மனிதர்களைக் கொடுத்துச் சாடி வாங்கிய அந்தக் கொடுக்கல் வாங்கலை எண்ணும்போது, அழகை விரும்புவதற்கும் அழகுக்கு அடிமையாவதற்கும் உள்ள இடைவெளி தெளிவாகும்.

அர்தபீலின் வக்ஃபு

தொப்காபிக்கு இணையாகச் சொல்லத்தக்க மற்றொரு பழந்தொகுப்பு ஈரானில் உருவானது. அந்நாட்டின் வடமேற்கே அர்தபீல் நகரில் ஷெய்க் சஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. 1611ஆம் ஆண்டு ஷா அப்பாஸ், தம் அரண்மனையிலிருந்த 1,162 சீனப் பீங்கான்களை இத்தலத்துக்கு வக்ஃபாக அளித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சதுரத்துக்குள் தம் பெயரையும் வக்ஃபு செய்த செய்தியையும் பொறிக்கச் செய்தார். அவற்றை வைப்பதற்கென்றே 'சீனிக்கானா' என்னும் எண்கோண மண்டபம் ஒழுங்கு செய்யப்பட்டது. அதன் சுவர்களில் குடுவை, கிண்ணம் ஆகியவற்றின் வடிவிலேயே குடைந்த மாடங்கள் அடுக்கடுக்காய் மேலேறுகின்றன. இன்று அம்மாடங்கள் பெரும்பாலும் வெறுமையாய் உள்ளன. எஞ்சிய பாண்டங்களுள் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டு தெஹ்ரான் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது. எண்ணூற்றுச் சொச்சம் பாண்டங்களே காலத்தைக் கடந்து நின்றன. அர்தபீல் தலம் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இவ்விரு தொகுப்புகளும் உலக அறிவுக்குச் செய்த தொண்டு ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் சீனாவில் இத்துணைச் சிறந்த நீல வெண்பீங்கான்கள் செய்யப்பட்டன என்பதை அறிஞர்கள் பல காலம் தெளிவாக அறியவில்லை. 1351ஆம் ஆண்டுக் குறிப்புடன் ஒரு சோடிக் குடுவைகள் மட்டும் இலண்டனில் இருந்தன. அமெரிக்க அறிஞர் ஜான் அலெக்சாண்டர் போப், அக்குடுவைகளை உரைகல்லாகக் கொண்டு இஸ்தான்பூலிலும் அர்தபீல் தொகுப்பிலும் இருந்த பாண்டங்களை ஆராய்ந்து, அவற்றுள் அதே காலத்தைச் சேர்ந்தவற்றை இனங்கண்டார். 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்கள், சீனப் பீங்கானின் வரலாற்றையே திருத்தி எழுதின. பொருளைப் பிறந்த நாடு மறந்திருந்தபோது, அதை வாங்கிய நாடு காத்துக் கொடுத்தது.

இஸ்னிக்கின் பாடம்

இஸ்தான்பூலுக்குத் தென்கிழக்கே, ஏரிக்கரையில் இஸ்னிக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அரண்மனையின் பீங்கான்களைக் கண்டு கிளர்ச்சியுற்ற அவ்வூர்க் குயவர்கள், வெண்கற்பொடியை மிகுதியாகச் சேர்த்த ஒரு கலவையால் தமக்கென ஒரு பாண்டத்தை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் நீலமும் வெண்மையும், பிறகு பசுநீலம், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் தக்காளிப் பழம் போன்ற சிவப்பு. துலிப் மலரும் கார்னேஷனும் பூத்த அவர்களின் ஓடுகளை ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் சுவர்களில் காணலாம். 1617ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அஹமது பள்ளிவாசலில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் பதிக்கப்பட்டன.

அப்புகழ் ஏன் மங்கியது? மூலப்பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போனது. அரண்மனையோ ஓட்டுக்கு நிர்ணயித்த பழைய விலையை உயர்த்த மறுத்தது. குயவர்கள் சூளையை விட்டு அகன்றார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அக்கலை அடங்கிவிட்டது. சீனத்துப் பாண்டத்தை அவ்வளவு அருமையாய்க் காத்த அரண்மனை, தன் ஊர்க் குயவனைக் காக்கத் தவறிற்று. பொருளைச் சேர்ப்போர் அனைவரும் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது.

நம் கரையிலும் அதே ஓடுகள்

இவையெல்லாம் எங்கோ தொலைநாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டா. சீனத்திலிருந்து ஹுர்முஸுக்கும் ஏடனுக்கும் சென்ற வழியில் நம் கடற்கரை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயலின் வாணிகச் சிறப்பைக் குறித்துள்ளார். 1344ஆம் ஆண்டளவில் மதுரை சுல்தானின் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, பத்தன் என்னும் துறைமுகத்தைப் போற்றுகிறார். சீனப் பாண்டங்கள் இந்தியாவுக்கும், அங்கிருந்து தம் தாயகமான மக்ரிபு வரைக்கும் செல்வதையும் அவர் எழுதி வைத்துள்ளார்.

கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினத்தில், ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழக அறிஞர்களும் 1980களில் ஆய்வு நடத்தினார்கள். லோங்சுவான் பச்சைப் பாண்டத்தின் உடைசல்களும் ஜிங்தெஜென் நீல வெண்பீங்கானின் சில்லுகளும் அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இஸ்தான்பூலில் கண்ணாடிப் பேழைக்குள் முழுமையாய் இருப்பவற்றின் உறவினர், இராமநாதபுரத்து மணலில் துண்டுகளாய்க் கிடக்கின்றனர். சீனக் கடற்படைத் தலைவரும் முஸ்லிம் குடியிற் பிறந்தவருமான செங் ஹோ, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டொன்றை இலங்கையின் காலித் துறையில் நிறுவினார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகியவையே அம்மும்மொழிகள். இந்த வாணிகத்தில் நம் மொழிக்கிருந்த இடத்தை இதைவிட உறுதியாகக் கூற வேறு சான்று வேண்டுமா?

நம் வீட்டு மரப்பெட்டியில்

இக்கரையின் பழைய இல்லங்கள் பலவற்றில், பரணிலோ மரப்பெட்டியிலோ பீங்கான் தட்டுகள் உறங்குகின்றன. பாட்டனார்களும் முப்பாட்டனார்களும் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வைக்கோல் பொதிந்து கொண்டுவந்தவை. திருமணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் வெளிவந்து, கழுவித் துடைத்து மீண்டும் உள்ளே சென்றவை. வீட்டை இடித்துக் கட்டும்போதும் பாகப்பிரிவினையின்போதும் இவையே முதலில் வெளியேறுகின்றன. வாசலில் வந்து நிற்கும் பழம்பொருள் வணிகர் கொடுக்கும் சிறு தொகைக்கோ, புதிய எவர்சில்வர் பாத்திரத்துக்கோ கைமாறிவிடுகின்றன.

விற்பதற்கு முன் தட்டைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கேதான் அதன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பூச்சில்லாத அடிவளையம் நெடுங்காலப் புழக்கத்தால் வழுவழுப்பாய்த் தேய்ந்திருந்தால் அது பழமைக்கு ஓர் அடையாளம். செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1891ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த அமெரிக்க இறக்குமதிச் சட்டமே இவ்வழக்கத்தைப் பரப்பியது. ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத் தொழிற்சாலைகள் கீழை நாடுகளுக்கென்றே வண்ணத் தட்டுகளை அனுப்பி வந்தன. அவற்றின் முத்திரையை நம்மவர் வீடுகளில் கண்டால் வியப்படைய வேண்டுவதில்லை. சீன அரசர் பெயருள்ள முத்திரையைக் கண்டு மட்டும் உடனே மயங்கிவிடலாகாது. முன்னோர்மீது கொண்ட மதிப்பால் பிற்காலக் குயவர்களே பழைய முத்திரைகளை இட்டார்கள். ஏமாற்றுவதற்காக இட்டவர்களும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது கோலம் நுண்புள்ளிகளாய்த் தெரிந்தால், அது தூரிகையால் தீட்டியதன்று. அச்சில் எடுத்து ஒட்டியது.

காக்கும் முறை எளிது. ஒற்றைக் கையால் விளிம்பைப் பற்றித் தூக்காமல், இரு கைகளால் அடியைத் தாங்கி எடுக்க வேண்டும். அடுக்கும்போது இடையிடையே மென்துணி இட வேண்டும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும். சாம்பலும் தேங்காய் நாரும் பொன்வரியை அழித்துவிடும். பூச்சின்மேல் வண்ணம் தீட்டிய பழந்தட்டுகளில் புளிப்பான உணவுகளை வைத்து உண்பது நன்றன்று. அவ்வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். உடைந்ததை எறிந்துவிடாமல் துண்டுகளை ஒரு பையில் போற்றி வையுங்கள்.

வாங்கிச் சேர்க்க விரும்புவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நூறாண்டுகளைக் கடந்த கலைப்பொருள்கள், நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லக் கூடாது. துருக்கியிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தடையை விதித்துள்ளது. இஸ்தான்பூலின் மூடிய கடைத்தெருவில் கண்ணைப் பறிக்கும் இஸ்னிக் பாணித் தட்டுகள் குவிந்திருக்கும். அவற்றைப் புதியவை என்றறிந்தே வாங்குங்கள்; இன்றைய குயவனின் கைக்கூலிக்கு அது உதவும். பழையதெனச் சொல்லி எவரேனும் விற்க முன்வந்தால், அது பொய்யாக இருக்கும், மெய்யானால் குற்றமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு செயல் நம் கையில் இருக்கிறது. உதுமானியக் கருவூலத்தார் பதிவேடு எழுதினார்கள். ஷா அப்பாஸ் ஒவ்வொரு கிண்ணத்திலும் சிறு சதுரத்தில் செய்தி பொறித்தார். நாம் ஒரு துண்டுத் தாளில் எழுதினாலே போதும். இது யாருடைய சீதனம், எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த நிக்காஹ் விருந்தில் பரிமாறப்பட்டது என்பதை அறிந்த மூத்த பெண்மணிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டெழுதி, அத்தாளைத் தட்டோடு பெட்டியில் வைத்துவிடுங்கள். பெயரும் ஊரும் தெரிந்த தட்டு குடும்பத்தின் ஆவணம். அவை தெரியாத தட்டு, பழைய சாமான் கடைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு தட்டு, அவ்வளவே.